சவுந்தரம் டீச்சர் தொடாத கோப்பி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பினாங்கு டத்தோ கிராமாட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகளில் சவுந்தரம் டீச்சரின் கறுப்புக் குடை தெரிந்தாலே கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் காலையில் அவருக்குத் தையல் வகுப்பு. பிற்பகலில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசும் வேலை.

அவரிடம் ஒரே ஆயுதம்தான். வந்த காரியம் முடியும்வரை கோப்பியைத் தொடமாட்டார். வந்தவர் வாய் நனைக்காமல் போனால் எந்தத் தமிழ் வீட்டுக்கு மனசு ஆறும்? நானும் அங்கே டீச்சர்தான். இது அநியாயம் என்று சண்டை போட்டிருக்கிறேன். "அநியாயந்தான், ஆனா பலிக்குதே!" என்பார்.

ருக்குமணி வீட்டில் பலிக்கவில்லை. அவர் காலையில் பசாரில் ஆப்பம் விற்பவர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் ஜெயலெட்சுமியைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்.

"கோப்பி குடிங்க டீச்சர்."

"ஜெயா நாளைக்கு வருவாளா?"

"அப்ப தம்பிய யாரு பாக்குறது? நீங்களா?"

டீச்சர் கோப்பியைத் தள்ளி வைத்தார். கோப்பி ஆறியது. ருக்குமணி சூடுபண்ணிக் கொண்டுவந்தார். அதுவும் ஆறியது. கடைசியில் இறங்கி வந்தது டீச்சர்தான்.

"சரி, நானே பாக்குறேன். அவனையும் சேத்து அனுப்புங்க லா!"

மறுநாள் ஜெயா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தையல் வகுப்பில் சேலைத் தூளி தொங்கியது. பயல் அழுதால் வகுப்பே தாலாட்டுப் பாடும். இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா என்று கத்தியவள் நான். அவன் சிரித்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்கியவளும் நான்தான்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஜெயா அதை முடித்த வாரம் ருக்குமணி பள்ளிக்கே வந்தார். டீச்சர் ஓடிப்போய்க் கோப்பி கலக்கி வந்து வைத்தார். ருக்குமணி அதைத் தொடவில்லை.

"குடிங்கக்கா."

"டவுன் இங்கிலீஷ் ஸ்கூல்ல இவளுக்கு எடம் வாங்கித் தருவீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார்.

சாயங்காலம் அவர் திரும்பியபோதும் ருக்குமணி அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். வாசலிலிருந்தே டீச்சர், இடம் கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டினார்.

ருக்குமணி அந்த ஆறிப்போன கோப்பியை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார்.