தங்கச்சி கையிலதான் இருந்தான்

சங்கரன்கோவிலைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். பிறந்து வளர்ந்த ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. மல்லிகைப்பூ மணக்கும், தறிச் சத்தம் கேட்கும், கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் சொறி சிரங்கு ஆறும் என்பார்கள். எல்லாம் சரி. அந்த ஊரில்தான் என் தம்பி தொலைந்து போனான். அவனுக்கு நாலு வயது முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அங்கே எது மணந்தால் எனக்கென்ன?

தங்கச்சி அப்படியில்லை. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன் பண்ணினால் ஊர்க்கதைதான். டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தது, பின்னால் இருந்தவர்கள் மறைக்குது மறைக்குது என்று முதுகில் குத்தியது, ரயில் தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டு, ரயில்வே கேட் காவலாளியிடம் வசவு வாங்கியது. ஒருத்தி தொடங்கினால் மற்றவள் முடிப்பாள். எனக்கு மறந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும், அவளுக்கு மறந்தது எனக்கு. ஆனால் பேச்சு ஆடி மாதத்தை நெருங்கியதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். பிறகு அவள், "சரிக்கா, அடுப்புல பால் கெடக்கு" என்று வைத்துவிடுவாள்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவர் செத்துப் போயிருந்தாலும் கூடாது. எங்கேயாவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் அம்மா என் தோளைத் தட்டி, "நீ சொல்லுட்டி" என்பாள். இந்த இரண்டு சட்டத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, பெற்றவளால் அவனைக் கூப்பிட முடியாது. அவள் 'ராசா' என்று கூப்பிட்டாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அப்பாவுக்கு அவன் எப்போதும் 'ஏலே'தான். தாத்தா பெயர் பிறப்புப் பதிவில் பத்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பழகிக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் பள்ளிக்கூட விளையாட்டில் நான் டீச்சராகி வருகை எடுத்தேன். அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது செத்துப்போன தாத்தா பேரு" என்றான்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடித்தபசுத் திருவிழா. எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஏழு. மாவிளக்கு ஏற்றக் கோயிலுக்குள் போகும் முன் அம்மா, தெற்கு ரதவீதியில் ஒரு மருந்துக்கடை வாசலில் எங்கள் மூன்று பேரையும் நிறுத்தினாள். "ஒருத்தர் கைய ஒருத்தர் விடாதீங்க. நான் இந்தா வாரேன்." நான் நடுவில் நின்றேன். இடது கையில் தங்கச்சி, வலது கையில் தம்பி. நீலச் சட்டை போட்டிருந்தான்.

தபசுக் காட்சியின்போது கரிசல்காட்டு ஊர்க்காரர்கள் தங்கள் வெள்ளாமையை அம்பாளை நோக்கி வீசுவார்கள். பருத்தி, மிளகாய், கம்பு எல்லாம் கூட்டத்தின் தலைமேல் விழும். சாயங்காலம் சாமி காட்சி கொடுத்ததும் ஜனம் ஒரே சத்தமாய் அலறியது. பருத்தி பறந்து வந்தது. அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் நல்லது என்பார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

ஒரு சுளைப் பருத்தியைப் பிடித்துவிட்டேன். கையை இறக்கிப் பார்த்தபோது இடது பக்கம் தங்கச்சி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பக்கம் யார் யாருடைய கால்களோ தெரிந்தன.

தேடினோம், கத்தினோம். பிறகு அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு ஓடினோம். அப்பா கடையை விட்டுக் குதித்து இறங்கி வந்தார்.

"யாரு கையிலட்டி இருந்தான்?"

அப்பாவின் அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "தங்கச்சி கையிலதான் இருந்தான்" என்றேன்.

அவளுக்கு விழுந்தது அறை. அழுதாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூத்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அப்பா எங்களை இழுத்துக்கொண்டு மைக்செட் பந்தலுக்குப் போனார். மைக்காரர் பையனின் பெயரைக் கேட்டார். அப்பா தன் அப்பாவின் பெயரை முழுசாக, திருத்தமாகச் சொன்னார். நீலச் சட்டை, காக்கி டவுசர் அணிந்த சிறுவன் என்று தொடங்கி அந்தப் பெயர் நாலு ரதவீதியிலும் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது.

நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன். அவனுக்கு அந்தப் பெயர் தெரியாதுப்பா, ராசா என்று கூப்பிடச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி வரும், அதில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். பருத்தியைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு சும்மா நின்றேன். சொல்லியிருக்கலாம். இதை எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

மாவிளக்கு வரிசையில் நின்ற அம்மாவுக்கும் அந்தப் பெயர் கேட்டிருக்கிறது. "மாமாவ எதுக்குத் தேடுதாங்க, அவுகதான் போய்ச் சேந்துட்டாகளேன்னு நினைச்சேன்" என்று பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரித்தபோது ஒரு கடலை வண்டிக்காரர் அப்பாவிடம் சொன்னார். "அண்ணாச்சி, நீலச் சட்ட போட்ட பய ஒருத்தன் நம்ம வண்டிகிட்டதான் நின்னு அழுதான். மைக்குல பேரு சொல்லுதாங்கல்லா, 'ஏலே, அது உன் பேராடா'ன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டிட்டான். ரெண்டு தடவ கேட்டேன் அண்ணாச்சி, ரெண்டு தடவயும் இல்லன்னுட்டான். பொறவு யாவாரம் கூடிட்டு. திரும்பிப் பாத்தா ஆளக் காணல."

அப்பா அந்த இடத்திலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புளியங்குடி பஸ், சிவகிரி பஸ், ராஜபாளையம் பஸ் என்று எல்லாமே அங்கிருந்துதான் புறப்படும். அவன் எதில் ஏறினான், யார் ஏற்றினார்கள், ஏறினானா என்பதுகூடத் தெரியாது. அப்பா அத்தனை ஊருக்கும் போனார். மதுரை வரைக்கும் அநாதை இல்லங்களில் பார்த்தார். போகிற இடத்திலெல்லாம் இப்போது 'ராசா' என்று கூப்பிட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அம்மா தங்கச்சியை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கையில் எதையும் கொடுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூடக் கொடுக்க மாட்டாள். "அவ கையில குடுக்காதட்டி, விட்டுருவா. நீ கொண்டு வா" என்பாள். நானும் வாங்கிக்கொண்டு போவேன். இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவ்வளவு கேடுகெட்டவளாக இருந்தேன்.

தங்கச்சிக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். கூட்டம் என்று வந்தால் முந்தானையைக் கிழித்து அவர்கள் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். பெரியவன் எட்டாவது படிக்கும்போதும் கட்டினாள். ரயில்வே ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவன் அழுதான். அவள் அவிழ்க்கவில்லை. இன்றைக்கும் அவன் அம்மாவோடு வெளியே கிளம்புவதென்றால் ஏதாவது சாக்குச் சொல்வான்.

போன வருஷம் அம்மா செத்துப் போனாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அவன் என் கையில்தான் இருந்தான், நான்தான் விட்டேன், உன் மேல் பொய் சொன்னேன் என்றேன். பருத்தியைப் பற்றியும் மைக்செட் பந்தலைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"இல்லக்கா" என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவன் கை வேர்த்து நசநசன்னு இருந்துச்சு. வேட்டுச் சத்தம் கேட்டுத் திரும்புனேன், நழுவிட்டான். இன்னைக்கும் கண்ண மூடுனா இந்த உள்ளங்கையில தெரியுது."

"அது நான் சொன்ன பொய்யிட்டி. நீ என் இடது பக்கம் நின்ன. அவன் உன் பக்கத்துலயே இல்ல."

"எனக்காகச் சொல்லுத, தெரியுது. அம்மா போனதுல உன் மனசு ஒரு நிலையில இல்ல."

அவன் கை வேர்த்திருந்தது உண்மைதான். அது என் கைக்குத்தான் தெரியும். எந்தக் காலத்தில் அதை அவளிடம் சொன்னேனோ, நினைவில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாதக்கா" என்றாள் தங்கச்சி. "உன் மேல என்ன தப்பு இருக்கு? நீயும் சின்னப்பிள்ளதான. நான்ல்லா கைய விட்டேன். இதப் போட்டு இனிமே நீ மனச ஒழப்பிக்கிடக் கூடாது, சரியா?"

நான் சரி என்றேன்.