என் கலியாணத்துக்கு நான் சொன்ன தடை

எனக்குப் பேசிய மாப்பிள்ளை கனடாக்காரர். அங்கே அவருக்கு இரண்டு வீடு, ஒரு கடை. பேசாலையில் எங்கள் தெரு முழுக்க அந்த வீடுகளைப் பற்றித்தான் கதை. கலியாண எழுத்துக்குப் போனபோது பங்குத்தந்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "உம்மட சொந்த விருப்பமோ?" என்று கேட்டார். கீரி ஊரில் படகு எஞ்சின் திருத்துகிறவனை மனதில் வைத்துக்கொண்டு, "ஓம் ஃபாதர்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசித்து, இன்னாருக்கு இன்னார் என்று ஊருக்கு அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று பின்னேரம் டிவியில் ஒரு படம் போனது. அதில் ஒருத்தி பணக்கார மாப்பிள்ளையை வேண்டாமென்று உதறிவிட்டு, காதலித்தவனோடு பஸ் ஏறுகிறாள். அம்மா கண்ணைத் துடைத்தார். சின்னம்மா கதிரையை விட்டு எழும்பியேவிட்டார். "அப்பிடித்தான் பிள்ளை, போ! காசை ஆர் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவளுக்குக் கை தட்டுறியள். நானும் கீரிக்குப் போகட்டோ?"

"அது படமடி," என்றார் அம்மா. "இது சீவியம். ஓலையும் வாசிச்சாச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ?"

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல் வாசித்தார்கள். பூசை முடியும்வரைதான் பொறுத்தேன். நேரே பங்குமனைக்குப் போனேன்.

"தடை ஒண்டு சொல்ல வந்தனான், ஃபாதர்."

"ஆற்ற கலியாணத்துக்கு?"

"என்ர கலியாணத்துக்குத்தான். அண்டைக்கு உங்களிட்டப் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு விருப்பமில்லை."

"வீட்டில தெரியுமோ?"

"இப்ப போய்ச் சொல்லப் போறன். நீங்கள் ஓலையை நிப்பாட்டுங்கோ."

வீட்டில் சொன்னேன். குடி கெடுத்தவள் என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தினார். சோற்றைக்கூடப் பேசாமல்தான் போட்டார்.

மூன்றாம் ஞாயிறு பூசைக்கு வராமல் இருந்துவிடு என்று சின்னம்மா சொன்னார். நான் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போய், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அறிவித்தல்கள் முடிந்தன. என் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

அம்மா என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார். "தலையைக் குனியடி," என்றார். அந்த ஒரு கிழமையில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

நான் குனியவில்லை.