பல்லில் கவ்விய பறி

லீவு கிடைத்தால் நான் மின்சார ரயில் ஏறிவிடுவேன். போய்ச்சேர ஓர் இடம் வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி, கடற்கரை, வேளச்சேரி என்று நாள் முழுக்க மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாலே எனக்குப் போதும். இன்று அனுப்பம்பட்டில் வண்டி நின்றபோது எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. வாசலில் நின்றிருந்தேன்; ஒரு கையில் கம்பி, மறு கையில் படமெடுக்க செல்போன். டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டேன். உடனே அம்மா ஞாபகம் வந்தது.

எங்கள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில்தான் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது வேறென்ன செய்வது? அம்மா என்னை முதன்முதலாக ரயிலில் கூட்டிப்போனதும் இதே அனுப்பம்பட்டிலிருந்துதான். நல்ல கூட்டம். ஒரு கையால் என்னையும் மறு கையால் கம்பியையும் பிடித்தவள், ஏரியில் நிற்பதுபோல் வெகு இயல்பாக இறால் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

"இன்னாமா, பூனையாட்டம் கவ்விக்கினு நிக்கிற?" என்றார் ஜன்னலோரத்தில் இருந்த ஒருவர். பெட்டியே சிரித்தது.

அம்மா சட்டென்று பறியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். உதட்டோரம் ஓலைத் தடம் சிவந்திருந்தது. குனிந்து என்னிடம், "நாத்தம் அடிக்குதாடா?" என்று கேட்டாள். நாற்றத்தைப் பற்றி அங்கே யாருமே பேசவில்லை.

"இன்னா அங்கிள், டிக்கெட்ட கடிச்சிக்கினு கீறீங்க?" இன்று வாசலோர சீட்டில் இருந்த சிறுமி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சட்டென்று எடுத்துச் சட்டைப்பைக்குள் மறைத்தேன். அப்படி என்னத்தைத் திருடிவிட்டோம், அம்மாவும் நானும்?