இரும்புச் சட்டியில் ஊறிய கடுக்காய்

போன மாதம் வேலூரில் பாகாயம் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவது வழக்கம். என் வாயைப் பார்த்த அந்தச் சின்னப் பெண், “எழுபது வயசுல இருபத்தாறு பல்லு வெச்சிருக்கீங்களேம்மா, ஈறும் கெட்டியா இருக்கு. யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள். “எங்க நைனா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு ஆள் முகத்தைப் பார்த்து நீளமாகப் பேச வராது. காகிதம் என்றால் பரவாயில்லை. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

நைனா என்றால் எங்கள் அப்பா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் கடுக்காய்த் தொட்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்தார். நான் மூன்றாவது படிக்கும்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அந்த வருஷம் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். முன்பல் ஒன்று ஆடியது. வேப்பங்குச்சி பட்டால் ஈறில் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதே என்று பயந்து, குச்சி வைப்பதையே விட்டுவிட்டார். யாரிடம் பேசினாலும் துண்டு வாய்க்குப் போய்விடும்.

அக்காவுக்குக் குடியாத்தத்தில் தறி போட்டிருக்கும் ஒரு வீட்டில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். தை பிறந்ததும் நிச்சயம்.

“நாலு பேர் நடுவுல தட்டு மாத்தறப்ப பல்லு கையில வந்துட்டா இன்னாடி பண்றது?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றாள். போனால் பிடுங்கிவிடுவார்கள் என்பது அவர் பயம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதே ஷாப்பில் வேலை. அவரிடம் எல்லா நோய்க்கும் யோசனை உண்டு.

“பச்சைத் தோலு தொளதொளன்னு வருது. கடுக்காய்த் தண்ணியில ஊறுனா பலகை மாதிரி ஆவுது. உன் ஈறு இன்னா மாமா, மாட்டுத் தோலைவிட ஒஸ்தியா?” என்றார் நைனாவிடம்.

நைனாவுக்கு இது சரியாகவே பட்டது. ஆயுசு முழுக்கத் தொட்டிகளைப் பார்த்தவருக்கு வேறு எப்படிப் படும்? தோலுக்கு நாள் கணக்கு இருப்பதுபோல ஈறுக்கும் நாற்பது நாள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

கடுக்காயைத் தட்டி மண்சட்டியில் ஊறவைப்பது என் வேலை. விடிவதற்கு முன்பே நைனா ஷாப்புக்குக் கிளம்பிவிடுவார். நான் அந்தத் தண்ணீரை வடிகட்டிச் செம்பில் வைத்திருப்பேன். இருட்டிலேயே வாயில் ஊற்றிக்கொண்டு, கன்னம் உப்ப, குளிக்கப் போவார். துப்பும் வரைக்கும் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாது.

பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். மண்சட்டி என் கையிலிருந்து நழுவி உடைந்தது. அம்மாவிடம் சொல்லப் பயம். ஓட்டுத் துண்டுகளைச் சாம்பல் குப்பையில் புதைத்துவிட்டு, விறகுக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புச் சட்டியில் ஊறவைத்தேன். தண்ணீர் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. சாரம் ஜாஸ்தி, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நைனா வெயிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அம்மா கத்தினாள். பல் முழுக்க மை பூசினாற்போல் இருந்தது. நைனா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நேராக எழுந்து விறகைத் தள்ளிச் சட்டியை எடுத்தார்.

கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துப்போகும். தோலில் அந்தக் கறை விழுந்தால் போகாது. அதனால் தொட்டிப் பக்கம் ஆணிகூட வரக்கூடாது. புதுசாக வேலைக்கு வருகிறவன் கையில் இரும்புக் காப்பு இருந்தால் அதைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் நைனா உள்ளே விடுவாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

“இதுல எவன் ஊற வெச்சது?” என்றாள் அம்மா.

நைனா என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

“நான்தான். மண்சட்டி ஒடஞ்சி போச்சு” என்றார்.

“நீங்களா? கடுக்காய் மேஸ்திரியா?”

“ஆமாடி. இன்னா இப்போ?”

நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பல்லோடு சம்பந்தி முன்னால் உட்கார முடியாது. மறுநாளே வேலூருக்குப் பஸ் ஏறினார். துணைக்கு நான்.

அங்கே பல் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கொஞ்சம் வயதானவர். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறந்து பார்த்தவர், “இன்னா மேஸ்திரி, மையைக் குடிச்சிட்டீங்களா?” என்றார். பிறகு ஒரு கண்ணாடியை நைனா கையில் கொடுத்தார். “எங்க கறுப்பு ஜாஸ்தி ஒட்டியிருக்கு பாருங்க. பல்லும் ஈறும் சேர்ற எடம். அங்கல்லாம் அழுக்கு காரை மாதிரி கட்டிப்போயிருக்கு. அதுதான் உங்க ஈறைத் துன்னுது. மையி வந்து காட்டிக் குடுத்துச்சு.”

“வயசாச்சும்மா. போறதுதானே?”

“வயசு மேல பழி போடாதீங்க. ரத்தம் வருதுன்னு தேய்க்கறத விட்டீங்க பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சது. ரத்தம் வந்தா மெதுவா தேய்க்கணும், விடக்கூடாது.”

இரண்டு தடவை போனோம். கறுப்பும் போனது, காரையும் போனது. மெத்தென்ற பிரஷ்ஷால் ஈறோரத்தில் சின்னதாகச் சுழற்றித் தேய்க்கவும், சாப்பிட்டதும் கொப்பளிக்கவும், வெற்றிலையோடு புகையிலையை விடவும் சொல்லி அனுப்பினார். புகையிலையை விடத்தான் நைனாவுக்குப் பேஜாராக இருந்தது. ஆனாலும் விட்டார். தினமும் காலையில் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தானும் தேய்ப்பார். ஆடிய பல் நிச்சயத்தைத் தாண்டியது, அக்காவின் கல்யாணத்தையும் தாண்டியது. ஈறு இறுகியதும் ஆட்டமே நின்றுபோனது. துண்டு தோளிலேயே கிடந்தது.

ஆனால் மாமா வாய் சும்மா இருக்குமா? நைனாவே கடுக்காயை இரும்பில் ஊறவைத்தார் என்று ஷாப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த மாசி மாதம் நான் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். தொட்டியோரத்தில் நின்றிருந்த புதுப்பையன் ஒருவன், “மேஸ்திரி, கையில காப்பு போட்டுக்கினு வரலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றான். ஆட்கள் எல்லோரும் ஹோவென்று சிரித்தார்கள். ஒருத்தர், “அவரு ஊட்லயே இரும்புலதாண்டா ஊறுது” என்றார்.

முந்தின வருஷம் அந்தத் தொட்டிப் பக்கம் அவர் முன்னால் யாரும் சத்தமாகப் பேசக்கூட மாட்டார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, எனக்கு அடி விழவில்லை என்பது மட்டும்தான்.

நைனாவும் சிரித்தார். பல் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பல் நன்றாகிவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து, தூக்குச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அவர்களோடு சேர்ந்து நன்றாகச் சிரித்தேன்.