சவேரியார் மச்சானின் தென்கடல்

எங்கள் தங்கச்சிமடத்தில் சவேரியார் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். 'பஹ்ரைன் சவேரியார்' என்றால் ஒருவர்தான். என் அக்கா எமரென்சியின் வீட்டுக்காரர். கல்யாணமான மறுவருடம் மீன்பிடி விசாவில் பஹ்ரைனுக்குப் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல வந்து தலையைக் காட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் அரபி முதலாளியின் படகிலேயே கிடந்தார். போன கிறிஸ்துமஸுக்கு வந்ததுகூட மகள் ஜெப்சியின் கல்யாணத்துக்காகத்தான். கல்யாணம் முடிந்ததும் அக்கா ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"இனி போக வேணாம். இங்கனயும் கடல் இருக்கு."

மச்சான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. மண்டபம் ஊரில் ஒருவரிடம் பழைய ஃபைபர் படகொன்றை வாங்கி, பாம்பனுக்குத் தெற்கே கரையில் ஏற்றிப் போட்டார். ஓட்டிப் பார்ப்போம், சரிப்பட்டால் இருப்போம் என்றார். அரபியும் நல்ல மனிதர். ரம்ஜான் நோன்பு முடிவதற்குள் வந்தால் போதும் என்று இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஆக, அதற்குள் இந்தக் கடல் மச்சானுக்குப் பிடித்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அக்காவுக்குப் பழையபடி போன்தான் புருஷன்.

படகைத் தயார் செய்ய என்னைக் கூப்பிட்டார். பாம்பனில் அவுட்போர்டு என்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஊரே சொல்லும். நாலு நாளில் முடிய வேண்டிய வேலையை மச்சான் வாரக்கணக்கில் இழுத்தார். ஸ்பார்க் பிளக்கை நான் மாட்டிவிட்டுப் போனால் திரும்பக் கழற்றித் துடைப்பார். டேங்கில் ஊற்றும் எண்ணெயைத் துணியில் வடிகட்டி, போதாதென்று இன்னொரு தரம் வடிகட்டுவார். நங்கூரக் கயிற்றை முழம் முழமாக விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு புரொப்பெல்லர் போதாதென்று இன்னொன்று வாங்கிப் பழைய லுங்கிச் சாரத்தில் சுற்றி, படகின் அடித்தட்டில் குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்தார்.

"என்ன மச்சான், இலங்கையச் சுத்தி வரப் போறிகளா?" என்றேன்.

"அங்கன இப்பிடித்தான் மாப்ள. ஸ்பேர் இல்லாம முதலாளி படக எடுக்க விட மாட்டாரு."

அவர் வாயைத் திறந்தால் 'அங்கன'தான். அங்கன தண்ணீர் கண்ணாடி. அங்கன விடியற்காலையில் கட்டடங்களின் விளக்கு ஒவ்வொன்றாக அணையும்போது பாங்கு சத்தம் தண்ணீர் மேலேயே நடந்து வரும். ரொட்டியைப் பிய்த்து, நேற்றைய மீன் குழம்பில் தொட்டு, நாலு நாட்டு ஆளும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஊரில் இருக்கிறவன் வெளிநாட்டை நினைத்து ஏங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்தும் ஏங்குகிறவரை அப்போதுதான் பார்த்தேன். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் அவர் தன்னுடைய ஜிபிஎஸ்ஸைக் காட்டினார்.

உள்ளங்கை அளவுக் கருவி. பொத்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மீன் கிடைக்கும் இடத்தில் நின்று பொத்தானை அழுத்தி ஒரு பெயரைக் கொடுத்தால், மறுமுறை அதுவே அந்த இடத்துக்கு வழி காட்டும். மற்றவர்கள் நம்பர் போட்டு வைப்பார்களாம். மச்சான் பெயர் வைத்திருந்தார். 'அய்யா' என்று ஒரு இடம். 'ஜெப்சி' என்று ஒன்று. 'சந்தியாகப்பர் கோயில்' என்று ஒன்று. பஹ்ரைன் கடல் முழுக்க எங்கள் ஊரை இறக்கி வைத்திருந்தார்.

"இது?" என்று ஒன்றைக் காட்டினேன். 'எமரென்சி' என்றிருந்தது.

"அதான் ராசியான எடம். ஹமூரும்பாங்க, நம்ம களவா மீனு. எந்த மாசம் போனாலும் வெறுங்கையா அனுப்பாது. முதலாளிக்கே வழி தெரியாது, எனக்கு மட்டுந்தான்." சொல்லும்போது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாகிவிட்டது. எனக்கும் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போன் பூத்துக்குப் போவாள். நான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். "போன்ல பூவு தெரியுமாக்கா?" என்று கேலி செய்தால், "ஒனக்கு என்னலே?" என்று முதுகில் ஒரு அடி விழும். பேசிவிட்டு வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், வாய் சிரிக்கும்.

அந்தக் கருவியில் இந்தத் தென்கடலின் ஓர் இடம்கூட இல்லை. மச்சான் ஏன் இழுத்தடித்தார் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. அவருக்குப் பயம். அவர் தன் அய்யாவோடு தொழில் பார்த்ததெல்லாம் வடகடலில். அது கண்மாய் மாதிரி, சேறும் மணலுமான தரை. இன்றைக்கு அங்கே இன்னொரு படகுக்கு இடமில்லை. தெற்கே போவதென்றால் அது வேறு கடல். தீவுகளுக்குப் பக்கம் வனத்துறை விடாது, விலகித்தான் ஓட வேண்டும். விலகி ஓடும் வழியிலும் தண்ணீருக்கடியில் பாறைத்திட்டுகள் உண்டு. பார் என்போம். தெரிந்தவன் ஓடுவான், தெரியாதவன் முட்டுவான். குந்துகால் நாகேந்திரன் அதிலேயே பிறந்து வளர்ந்தவர், அவரைக் கூட்டி வருகிறேன் என்றேன்.

"ஏன், எனக்குக் கடல் தெரியாதா?" என்று மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வீட்டிலேயே ஆள் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. மச்சான் போன முதல் சில வருடங்களில் அக்கா பாம்பன் பெண்களோடு தென்கடலுக்குக் கடற்பாசி எடுக்கப் போகத் தொடங்கினாள். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்களின் மேல் முங்கி எடுப்பார்கள். மச்சானுக்குத் தெரியவந்து, போனில் "நீ போகக் கூடாது" என்று கத்தினார். "சரிங்க" என்றாள். மறுநாளும் போனாள். ஜெப்சி கல்லூரி முடிக்கும்வரை போனாள். மச்சான் அதைப் பற்றி அப்புறம் கேட்டதில்லை, அவளும் பேசியதில்லை.

நோன்பு பாதி கழிந்த பிறகு ஒரு வழியாகப் படகை இறக்கினோம். மச்சானும் நானும்தான். மாசி மாதத்துத் தென்கடல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மச்சான் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஓட்டினார். முன்னால் ஒரு பக்கம் தண்ணீர் வெளுத்தும் இன்னொரு பக்கம் கறுத்தும் தெரிந்தது. யோசிக்காமல் கறுப்புப் பக்கம் திருப்பினார். அவர் பழகிய கடலில் வெளுப்பு மணல்மேடு, கறுப்பு ஆழம். சந்தேகமே கிடையாது. இங்கே கறுப்புத்தான் கல்.

படார் என்று ஒரு சத்தம். என்ஜின் எகிறி, உறுமி, நின்றது. தூக்கிப் பார்த்தால் புரொப்பெல்லரில் ஒரு இலை இல்லை. நான் கேலி செய்த சாரப் பொட்டலத்தைப் பிரித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று நானே மாட்டினேன். அந்த மனுஷன் ஸ்பேர் வைத்திருக்காவிட்டால் துடுப்புப் போட்டே செத்திருப்போம். அதைச் சொல்லியும் அவர் தேறவில்லை.

"கறுப்பா இருந்தா ஆழம்னு கண்ணு சொல்லுது மாப்ள. இது அங்கன பழகுன கண்ணு. இனி மாத்த முடியாது."

அன்று சாயங்காலமே அரபிக்குப் போன் போட்டார். வருகிறேன் என்று சொன்னது அடுப்படியில் இருந்த அக்காவுக்கும் கேட்டது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சோற்றை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போறது போங்க. நாளைக்கு ஒரு தடவ என்னய படகுல கூட்டிட்டுப் போங்க. பெறகு நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன்."

"பொம்பளய ஏத்திட்டுப் போனா கரையில சிரிப்பாங்க."

"கல்லுல முட்டுனதுக்கே சிரிச்சுட்டாங்க. புதுசா என்ன?"

மச்சான் குனிந்து சோற்றைப் பிசைந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோரைக் குடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அக்கா சேலைக்கு மேலே மச்சானின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்முனையில் உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்து இன்னொரு புரொப்பெல்லரை எடுத்து வந்து மடியில் வைத்திருந்தேன். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் இடப்பக்கம் நீட்டுவாள், வலப்பக்கம் நீட்டுவாள்.

"கறுப்பு ஆடுது பாத்திங்களா, அது பாசி. அதுக்குக் கீழ கல்லு. ஆடாம நிக்குற கறுப்புத்தான் ஆழம். அதுல போங்க."

மச்சான் போனார். நேற்று முட்டிய இடத்தை ஒரு முழம் தள்ளிக் கடந்தோம். "இங்கனதான் எங்ககூடப் பாசிக்கு வந்த முருகலட்சுமி கால அறுத்துக்கிட்டா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "இந்தக் கல்லுல உக்காந்து சோறு திம்போம். தண்ணி வத்துனா மேல தெரியும்" என்றாள். தெருவில் நடந்துகொண்டே வீடு வீடாகக் கதை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். மச்சான் அவள் கை காட்டிய பக்கமெல்லாம் ஓட்டினார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"இத்தன வருசமா இங்கனயா கெடந்த?"

"நீங்க அங்கன கெடந்திங்க. நான் இங்கன கெடந்தேன்."

பார்களைத் தாண்டி வெளியே வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். ஒருநாள் பாசிக்குப் போன படகு காற்றில் ஒதுங்கி இவ்வளவு தூரம் வந்தபோது களவாக் கூட்டத்தைப் பார்த்தாளாம். மச்சான் நம்பாமல்தான் தூண்டிலைப் போட்டார். கயிறு விரலில் வெட்டிக்கொண்டு இறங்கியது. மேலே வந்தது முழங்கை நீளக் களவா. அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. அவர் சிரித்த சிரிப்பை நான் அவர் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஜிபிஎஸ்ஸை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பெயரை அடித்தார். கருவி கீச்சென்று கத்தியது. நான் எட்டிப் பார்த்தேன். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கேட்டது. மச்சானின் விரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றது. இருபத்தைந்து வருடச் சோறு அந்த இடம். அழித்துவிட்டால் திரும்பப் போய் எதைத் தேடுவது? வேறு பெயர் வையுங்கள் மச்சான் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுத்தினார்.

"என்ன பேரு போட்டிங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒன் பேருதான்."

"அது அங்கன இருக்குன்னிங்க?"

"இருந்துச்சு."

அக்கா முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அந்தப் பெரிய சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, திருப்புங்க. வெயிலு ஏறுது. எடது பக்கம் கல்லு இருக்கு" என்றாள். மச்சான் வலப்பக்கம் திருப்பினார்.