இரண்டாயிரம் வேர்களைக் கழுவினேன்

வெள்ளையாக, பஞ்சு பூத்த மாதிரி, எதன் மேலாவது ஏதாவது படிந்திருந்தால் அதை உடனே கழுவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி. கஞ்சி போட்ட பாவு நூல் ஐப்பசி ஈரத்தில் இரண்டு நாள் சுருண்டு கிடந்தால் போதும், பூசணம் பிடித்துவிடும். இன்று ஒரு நூல் கழியில் பிடித்தால் நாளை பக்கத்துக் கழியில் இருக்கும். அதனால் மழைக்காலத்தில் நூல் மூட்டையைப் பிரித்ததும் முதலில் மூக்கை வைத்து மோந்து பார்ப்போம். துளி சந்தேகம் வந்தாலும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுவோம். இந்த வேலையில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் கையால்தான் என் சித்தப்பாவின் தோப்பைக் கொல்லப் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சித்தப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. பதினைந்து வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் பஞ்சுத் தூசியைக் குடித்ததில் அவருடைய நெஞ்சுக்குள் ஒரு விசில் குடியேறியிருந்தது. படி ஏறினால் கேட்கும், சிரித்தால் கேட்கும், தூங்கினாலும் கேட்கும். மதுரையில் பார்த்த டாக்டர், தூசியை விட்டு விலகாவிட்டால் இந்த நெஞ்சு இன்னும் இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார். சித்தியின் பங்காகத் திருச்சுழி பக்கம் குண்டாற்று ஓரத்தில் ஓர் ஏக்கர் மணல் புஞ்சை இருந்தது. கூடவே ஒரு கிணறு. கம்பும் வரகும் தவிர அதில் எதுவும் விளைந்ததில்லை.

நான் அப்போதுதான் பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு, வேலையில்லாமல், வாயை மட்டும் சும்மா வைத்திருக்க முடியாமல் இருந்தேன். "சவுக்குப் போடலாம். மணலில் வரும். நட்டுவிட்டால் பெரிய பாடு கிடையாது" என்று ஆரம்பித்து வைத்தது நான்தான். அப்பா கடைசியில் சம்மதித்தார், ஒரு கெடுவோடு. நட்டது சித்திரை வரைக்கும் உயிரோடு நின்றால் தம்பி அங்கேயே இருக்கலாம். நிற்கவில்லை என்றால் தறிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும், வேறு பேச்சில்லை. வேறு தொழில் அவருக்குத் தெரியாது என்பது அப்பாவின் கணக்கு. திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடலோரத்திலிருந்து சவுக்குக் கன்றுகள் கட்டுக் கட்டாக, வேரில் மண் ஒட்டியபடி, ஓர் உப்பு லாரியில் வந்து சேர்ந்தன. பந்தல்குடியில் இறக்கி மாட்டு வண்டிக்கு மாற்றினோம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே லாரி டிரைவர் சொன்னார்.

"வேரை உதறிராதீக. எங்க பக்கம் அந்தப் பழைய தோப்பு மண்ணோடதான் வைப்பாக."

"உதறினா என்ன ஆகும்?"

"எனக்கென்ன தெரியும், நான் உப்பு ஏத்துறவன். அப்படித்தான் வைப்பாக. அம்புட்டுத்தான்."

காரணம் சொல்லத் தெரியாத பேச்சை அந்த வயதில் நான் காதில் வாங்குவதில்லை.

கிணற்றடியில் கட்டைப் பிரித்தேன். மண்ணுக்குள், வேர் நுனிகளில் எல்லாம், வெள்ளை வெள்ளையாக நூலாம்படை. சில நுனிகள் விரலுக்கு உறை மாட்டியது போல் தடித்திருந்தன. மோந்து பார்த்தேன். மழைக்காலத்து நூல் மூட்டையில் வருமே, அதே வாடை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாயிரம் கன்றையும் பூசணம் பிடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று நாள். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஒவ்வொரு கட்டாக முக்கி, விரலால் நீவி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசினேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கன்றுகளை எடுத்துக் கொடுத்தார். தறியை விட்ட நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தையும் விட்டிருந்தார். பேசினால் கொட்டகைச் சத்தம் காதில் கேட்கிறதாம்.

"ஏத்தா, குளிப்பாட்டிப் பவுடரும் போட்டாச்சு. பொண்ணு பாக்க எப்ப வாராக?"

"சிரிக்காதீங்க சித்தப்பா. விசில் அடிக்குது."

வேர்கள் வெளுத்த நூல் மாதிரி பளிச்சென்று இருந்தன. பெருமையோடு நட்டேன்.

அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஆற்றில்கூடத் தண்ணீர் ஓடியது. கன்றுகள் மட்டும் வைத்தது வைத்தபடி நின்றன. கார்த்திகையில் நுனி வெளிறியது. மார்கழியில் மஞ்சள். தினமும் காலையில் போய் எண்ணுவேன், நேற்று நின்றதில் பத்துப் பதினைந்து இன்று காய்ந்திருக்கும். தண்ணீர் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பூச்சி இல்லை. படித்த எதுவும் கை கொடுக்கவில்லை.

யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பன்றிகள் கிடைத்தன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாழடைந்த பழைய பங்களாவைச் சுற்றி இருபது முப்பது கிழட்டுச் சவுக்கு மரங்கள் உண்டு. ஊரில் ஓர் அக்கா வைத்திருந்த பன்றிகள் பகலெல்லாம் அங்கே மண்ணைக் கிளறிவிட்டு, எங்கள் புஞ்சையின் வடக்கு ஓரமாகப் புகுந்து ஊருக்குத் திரும்பும். நான் கல்லெடுத்து எறிந்தேன். முள்வேலி போட்டேன். மற்ற மூன்று பக்கமும் வேலி நின்றது. வடக்குப் பக்கம் மட்டும் தினமும் பிய்ந்து கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் அந்த அக்காவை வழிமறித்து, பன்றியைக் கட்டிப் போடக் கூடாதா என்று கேட்டேன்.

"என் பன்னி உன் செடியைத் தின்னுச்சா தாயி? தின்ன செடி ஒண்ணைக் காட்டு."

நான் பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடம் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தேன்.

"எனக்குப் புரியாத பாஷையில பேசினா, என் பன்னியைத்தான் வையிறேன்னு எனக்குப் புரியாதாக்கும்? வா, வந்து காட்டு."

வடக்கு ஓரத்துக்குப் போனோம். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வெயில் தாழ்ந்த வேளை, புஞ்சை முழுவதும் மஞ்சள். பன்றி போய் வருகிற இரண்டு வரிசை மட்டும் கரும்பச்சை. மற்றவை ஒரு சாணில் நிற்க, அவை என் முழங்காலைத் தாண்டியிருந்தன. ஒரு மாதமாகப் பன்றியை விரட்டத்தான் அங்கே ஓடினேன், செடியைப் பார்க்கவே இல்லை.

"நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனார்.

எரு என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மறுநாளே அந்த அக்காவின் கொட்டிலிலிருந்து, வெளியே மேயப் போகாமல் வீட்டுக் கழுநீரும் தவிடும் தின்று வளர்கிற குட்டிகளின் சாணத்தை இரண்டு கூடை கேட்டு வாங்கி, தெற்கு வரிசைகளுக்கு வைத்தேன். இருபது நாள் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அப்படியென்றால் எரு இல்லை.

தை மாதம் ஒரு காலை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பச்சைக் கன்று ஒன்று, மஞ்சள் கன்று ஒன்று, இரண்டையும் மண்ணோடு பெயர்த்து கிணற்றடியில் வைத்தேன். மஞ்சள் கன்றின் வேர் நான் கழுவிவிட்டபடியே சுத்தமாக இருந்தது. பச்சைக் கன்றின் வேர் நுனிகளில் வெள்ளை உறை. உறையிலிருந்து மண்ணுக்குள் ஓடிய வெள்ளை நூல்கள் என் கை அகலத்தையும் தாண்டிப் போயிருந்தன.

அப்போதுதான் அந்தச் சொல் ஞாபகம் வந்தது. மைக்கோரைசா. கல்லூரிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. பூஞ்சை வேர் நுனியைப் போர்த்திக்கொள்ளும். வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூல் விட்டுத் தண்ணீரும் சத்தும் கொண்டுவரும். மரம் அதற்குக் கூலியாகத் தன் இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கும். சில மரங்கள் இந்தத் துணை இல்லாத மண்ணில் தலையெடுக்கவே முடியாது. ஆங்கிலத்தில் எழுதி, படம் போட்டு, பாகம் குறித்து, ஒன்பது மார்க் வாங்கியிருந்தேன். அதே பொருள் கிணற்றடியில் என் கைக்கு வந்தபோது இரண்டாயிரம் வேரிலிருந்தும் வழித்து எறிந்திருக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த உப்பு லாரிக்காரரின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை.

ஆனால் வடக்கு வரிசைக்கு மட்டும் அது எப்படித் திரும்பி வந்தது?

உச்சி வெயிலில் பன்றிகளுக்குப் பின்னாலேயே பங்களாத் தோப்புக்குப் போனேன். ஒரு பெட்டை, மூக்கை மண்ணில் குத்தி உழுதுகொண்டே போய், ஒரு மரத்தடியில் நின்று வேகமாகக் கிளறியது. ஒரு சாண் ஆழத்தில் பழுப்பாக ஏதோ உருண்டது. நான் பாய்ந்து பிடுங்கினேன். பன்றி என்னை நம்ப முடியாமல் பார்த்தது. அந்த அக்காவும்தான்.

"ஏத்தா, பன்னி வாயில இருந்து புடுங்கித் திங்கிறியே, வீட்டுல சோறு போடலையா?"

சின்ன உருளைக்கிழங்கு அளவு. பிய்த்துப் பார்த்தேன், உள்ளே பளிங்கு மாதிரி வரி வரியாக, கறுப்புத் தூள். வாடை ஆளைத் தூக்கியது. நூலகத்துப் புத்தகம் ஒன்றில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. எங்கோ ஐரோப்பாவில், பன்றியைக் கயிற்றில் பிடித்துக் காட்டுக்குள் கூட்டிப்போய் ட்ரஃபிள் என்கிற மண்ணுக்கடிக் காளானைத் தோண்டுகிறார்கள். பணக்காரர்கள் தின்பது என்று படித்து மறந்திருந்தேன். இது அதே இனம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் பிழைக்கிற வழி ஒன்றுதான். மண்ணுக்குள் கிடக்கிற காளானின் வித்தைக் காற்று தூக்கிப் போக முடியாது. அதனால் அது வாடை விடுகிறது. வாடைக்கு வருகிற மிருகம் தோண்டித் தின்கிறது. வித்து வயிற்றில் சாகாமல், இன்னொரு வேர் இருக்கிற இடத்தில் சாணத்தோடு விழுகிறது. அங்கே நூல் விட்டு அந்த வேரைப் போர்த்துகிறது. நான் கல்லால் அடித்து விரட்டிய பன்றிகள், நான் கழுவி எறிந்ததைத் தினமும் சாயங்காலம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றன, குடலிலோ, மூக்கிலோ, குளம்பிலோ.

சித்தப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"செடி சாகுறதுக்குக் காரணம் தெரிஞ்சுருச்சு சித்தப்பா. நான்தான்."

முழுவதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணை மெல்ல உதறினார். நெஞ்சின் விசில் மட்டும் கேட்டது.

"எடுத்துக் குடுத்தது நான்தானத்தா" என்றார். பிறகு, "சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்கு?"

அதன் பிறகு எங்களுக்கு வேறு வேலை இல்லை. பங்களாத் தோப்பிலிருந்து வேர்மண்ணைச் சாக்கில் கொண்டுவந்து, உயிரோடு இருந்த கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி வைத்தோம். கிடைத்த உருண்டைகளைக் குடத்துத் தண்ணீரில் நசுக்கிக் கரைத்து ஊற்றினோம். பிளீச்சிங் பவுடர் கரைத்த அந்தத் தொட்டியை மட்டும் நான் தொடவில்லை. அப்புறம் நான் போய் அந்த அக்காவின் வாசலில் நின்றேன், பன்றிகளைப் புஞ்சைக்குள் விடச் சொல்லிக் கேட்பதற்கு.

"கல்லெடுத்து எறிஞ்ச கைதான இது?"

"ஆமா."

"அந்த முள்வேலியை எனக்கு வெறகாக் குடு. விடுறேன்."

வேலியைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

சித்திரையில் அப்பா முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். சித்தப்பாவின் துணிமணியைக் கட்டிப் போக ஒரு காலிப் பெட்டியோடு. வேலி இல்லை, புஞ்சைக்குள் பன்றிகள், எண்ணூறுக்கு மேல் கன்று செத்துப் போயிருந்தது. அப்பா பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். சித்தப்பா அவரை வரிசை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார். வடக்கு ஓரம் இடுப்பளவு. நடுவில் மஞ்சள் கன்றுகளின் நுனியில் விரற்கடைப் பச்சை. தெற்கே அதுவும் சில இடங்களில்தான். அப்பாவுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் நடு வரிசையில் ஒரு கன்றின் அடிமண்ணை விலக்கிக் காட்டினேன். வேர் நுனியில் புதுசாக வெள்ளை.

அப்பா பெட்டியை வைத்துவிட்டுக் குனிந்தார். மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. ஒரு கை பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தது, இன்னொரு கையின் கட்டைவிரல் வேரை நீவப் போனது. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அதுவரை நான் அவரை அப்படித் தடுத்ததில்லை.

"கழுவாதீங்கப்பா. அதுதான் அதோட உசுரு."

அவர் என் கையைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். சித்தப்பா இதற்குள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தார். நிறைகுடத்தோடு மேட்டில் ஏறி வந்து எங்கள் பக்கத்தில் இறக்கினார். அப்பா தலையைச் சாய்த்துக் கவனித்தார். விசில் இருந்தது. ஆனால் உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

மண்ணை அப்பாவே மூடினார், விரலால் அழுத்தாமல். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம், "நட, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். தம்பியை வரச் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை அவர் கையைக் கழுவவில்லை. நகக்கண்ணில் அந்த மண் அப்படியே இருந்தது. வழியெல்லாம் நான் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.