மீன் தராசில் நிறுத்த பெட்டி

இலவச டிக்கெட்டில் மட்டும் பிளேன் ஏறாதீர்கள். ஏறியவள் சொல்கிறேன்.

கனடாவில் தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை. அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள், எனக்குக் கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்தவளை நிறுத்திவிட்டு, வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்தவளை அனுப்புகிற ஞானம் அந்த விசாக் கந்தோருக்குத்தான் வரும். தங்கச்சியின் கணவர் பறந்து பறந்து சேர்த்த பிளேன் கம்பனிப் புள்ளிகளைக் கொடுத்து எனக்கு டிக்கெட் எடுத்திருந்தார். ஒரே டிக்கெட், மூன்று கம்பனி. வளைகுடா வரை போகிற பிளேனில் முப்பது கிலோ கொண்டுபோகலாம். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போவதில் இருபதுதான். கடைசிப் பிளேனிலோ பெரிய பெட்டி இரண்டு.

"அப்ப நான் எவ்வளவு கொண்டுவாறது?" என்று போனில் கேட்டேன்.

"அதுதான் மச்சாள், விசயம் என்னெண்டா..." என்று அவர் தொடங்க, லைன் அறுந்தது. அந்த நாட்களில் திருகோணமலையில் லைன் அறுவதற்குக் காரணம் தேவையில்லை.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "மூண்டையும் கூட்டி மூண்டால பிரி" என்றார்.

"பிரிச்சுக் குடுக்கிறதுக்குப் பிளேன் நடுக்கடலில இறங்குமோ?" என்று குசினி அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

கடைசியில் இருபதுதான் கணக்கு என்று நான் முடிவு சொன்னேன். அரிசிமா, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் சரக்குத்தூள், உப்புவெளிக் கருவாடு, அப்பாவின் பனங்கட்டி எல்லாம் பெட்டிக்குள் போயின. அவற்றுக்கு அடியில் அம்மாவின் பழைய நூல் சேலைகள் மூன்று. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று போன சேலையில்தான் கிடத்துவோம். நானும் தங்கச்சியும் அப்படிக் கிடந்தவர்கள்தான்.

"வேற எதை எறிஞ்சாலும் எறி. இதை எறிஞ்சுபோட்டு இந்த வாசல் மிதிக்காதை" என்றாள் அம்மா. குரல் சண்டைக்கு நின்றது, கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் போக முடியாத இடத்துக்கு அந்தச் சேலைகளாவது போக வேண்டும்.

வீட்டில் தராசு இல்லை. துறைமுகத்தடியில் மீன் வாங்கும் முதலாளியிடம் பெட்டியைக் கொண்டுபோனோம். அவர் கொக்கியில் தூக்கி மாட்டி, முள்ளைப் பார்த்து, "சரியா இருபது. பயப்பிடாமப் போ பிள்ளை" என்றார்.

கொழும்புக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, அதன்மேல் ஏறி இருந்து பூட்டினேன். ஒரு சிப்பாய் சரக்குத்தூளை மோந்து பார்த்துவிட்டுத் தும்மத் தொடங்கினான். "பெஹெத்" என்றேன் சிங்களத்தில், மருந்து என்று. தும்மிக்கொண்டே போகச் சொன்னான்.

விமான நிலையத்தில் பெட்டி இருபத்திரண்டு கிலோ காட்டியது.

அப்போதுதான் உறைத்தது. கூடைக்கும் தண்ணிக்கும் என்று பத்துக்கு ஒன்று கழித்துச் சொல்வது மீன் முதலாளியின் பிறவிப் பழக்கம். என் பெட்டிக்கும் கழித்துவிட்டார்! அட பாவி மனுசா, என் பெட்டியில் தண்ணியா சொட்டியது?

"எங்கட பிளேன் எண்டா விட்டிடுவன். அடுத்த கம்பனிக்காரர் விடமாட்டினம்" என்றாள் கவுன்டரில் இருந்த தமிழ்ப் பிள்ளை. பிறகு சிரித்துக்கொண்டு பகிடியாக, "உடுத்திருக்கிறதை ஒருத்தரும் நிறுக்கிறேல்லை அக்கா" என்றாள்.

பகிடியை நான் பிடித்துக்கொண்டேன். கழிவறைக்குள் போய், உடுத்திருந்த சேலைக்குள்ளே அம்மாவின் மூன்று சேலைகளையும் வயிற்றைச் சுற்றி வரிந்து கட்டினேன். பனங்கட்டியை அந்தப் பிள்ளைக்கே கொடுத்தேன். முள் இருபதில் வந்து நின்றது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சோதனைக்குப் போனேன்.

திரைக்குப் பின்னால் சோதித்த பெண்ணின் கை என் இடுப்பில் பட்டதும் அப்படியே நின்றது. எனக்கும் அந்த நிமிசம்தான் புத்தி வந்தது. யுத்த காலம். அடையாள அட்டையில் திருகோணமலை. வயிற்றைச் சுற்றித் தடிப்பாக என்னவோ கட்டிய தமிழ்ப் பெண். ஐயோ கடவுளே!

கையைத் தூக்கச் சொன்னாள். இன்னொருத்தி ஓடி வந்தாள். பொய் சொல்லக் கூடாது, முதலில் சிறைக்குத்தான் பயந்தேன். சேலைகளைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு சேலையாக அவர்கள் அவிழ்க்க, நான் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டி "பபா, பபா" என்றேன், சிங்களத்தில் பிள்ளை என்று. மூன்றும் கழன்று நான் மட்டும் மிஞ்சியபோது, முதல் பெண் ஒரு சேலையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருவாட்டு மணம். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குத் திரும்பவும் கட்டிவிட்டார்கள்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று ஊருக்கு லைன் கிடைத்தது.

"சரக்கு வந்துதோ?" என்று அம்மா கேட்டாள்.

"ஓம்."

"கருவாடு?"

"ஓம் அம்மா."

"சீலை?"

"உங்கட பேத்தி அதிலதான் கிடக்கிறா."

 

"நனைச்சிட்டாளோ?"

"இப்பதான். ரெண்டாந்தரம்."

"அப்ப சரி" என்றாள் அம்மா. "நானும் வந்து சேந்திட்டன்."